படியில்லாத ஒரு வீடு தேடி

கண்ணுகளா, போன வாரம் எதிர்வீட்டுக் கிழவியம்மாவின் கூரை ஒழுகிச் சுவரெல்லாம் நனைந்தபோது கவுன்சில் ஆபீசிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தாரே, நினைவிருக்கிறதா? அந்தம்மாவைத் தங்கவைக்கப் போகும் இடத்தின் வாசல் அகலத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, "இவரால் எத்தனை படி ஏற முடியும்?" என்று என்னிடம் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "நல்ல மனுஷி, சுத்தமானவர், சண்டைக்குப் போகமாட்டார்" என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல், "நான் முழங்காலைப் பற்றித்தான் கேட்டேன்" என்றார். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் மட்டும் ஊருக்குப் போனேன் அல்லவா? அந்த ஐப்பசி மழையில் அன்னூரில் என் பெரியப்பா வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்துவிட்டது. பெரியம்மாவுக்கு அதற்கு முன்பே இடுப்பெலும்பு முறிந்து, படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவர் எழுப்பும்வரை மூன்று மாதத்துக்கு வாடகைக்கு ஒரு வீடு வேண்டும். தரையோடு இருக்க வேண்டும், கக்கூஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்குத் திரும்ப விமானம் ஏற நான்கே நாள் இருந்தது.

சரவணம்பட்டியில் அப்படியே ஒரு வீடு கிடைத்தது. கீழ்வீடு, வாசலில் ஒரு படிகூட இல்லை. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். "மூணு மாசந்தானுங்களா? அதுக்கென்னங்க, பெரியவங்கள இன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டம்ளரை வாங்கிக்கொண்டே, "அன்னூருல நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டார்.

எங்கள் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் சாதியார் தங்கள் குலப் பிரிவைக் கூட்டம் என்பார்கள். தோட்டங்களில் கூலிக்குப் போன நம் குடும்பத்துக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஆனால் என் வாய் விடை சொல்லிவிட்டது. பெரியப்பா முப்பது வருஷம் வேலை பார்த்த தோட்டத்துக்காரரின் கூட்டத்தைச் சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. உங்களைப் பொய் சொல்லக் கூடாது என்று அடித்த கை இது.

"அட, நம்ம பங்காளிங்களா!" அந்தம்மா முகமெல்லாம் சிரிப்பு.

மத்தியானம் டெம்போவில் கட்டில், பாத்திரத்தோடு போய் இறங்கினோம். "வாங்கண்ணா, உள்ள வாங்க" என்று அந்தம்மா வாசலுக்கே வந்தார். பெரியப்பா செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, "இருக்கட்டுங்க அம்மணி, இங்கயே நிக்கறனுங்க" என்றார். நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் உடம்புக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது.

அந்தம்மா துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மரியாதையில் ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. கீழ எங்க மாமனார் வாரேன்னு சொல்லிப்போட்டாருங்க. மேல மொட்டமாடி ரூம் வேணா இருக்குதுங்க. படி வெளியாலயேதான், எங்க ஊட்டுக்குள்ள வரவேண்டியதில்லீங்க."

டெம்போவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியம்மா அந்தச் செங்குத்தான படிகளை அண்ணாந்து பார்த்தார். "எனக்கு ரெக்கை மொளச்சதும் வாரனுங்க அம்மணி" என்றார். பெரியப்பா டிரைவரிடம், "வண்டியத் திருப்பு கண்ணு" என்றார்.

வழியில் உண்மையைச் சொன்னேன். பெரியப்பா, "தோட்டத்துக்காரரு கூட்டத்தையா சொன்னே? அப்ப முப்பது வருசமா எனக்கு நானே கூலி குடுத்திருக்கேனாட்ட இருக்குது" என்றார். பெரியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தம்மா செய்ததுகூட எனக்குப் புதிதில்லை. என் சனத்தை நானே ஒளித்துவைத்தேனே, அதுதான் இன்றைக்கும் நெஞ்சை உறுத்துகிறது.

வேறு வீடு கிடைக்கவில்லை. மூன்று சுவரோடு நின்ற அதே வீட்டுக்குப் போனோம். நான்காவது பக்கத்துக்கு நீலத் தார்ப்பாய் வாங்கிக் கட்டினேன். கிளம்பும் நாளில் அதன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் இருந்தபடி பெரியம்மா சொன்னார்: "ஊட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு லெட்டர் போடு கண்ணு."

அவர் ஊடு என்றது நாம் இப்போது இருக்கும் இந்த வீட்டை. காற்று அடித்தது. தார்ப்பாய் உள்ளே உப்பி என் முதுகில் மோதியது. அது மறுபடி வெளியே போகும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.