சுவரில் வரைந்த தட்டு

மகள் தாளில் ஒரு பெட்டி வரைந்து, அதன் ஒரு பக்கத்தைப் பென்சிலால் கறுப்பாக்குகிறாள். அந்த உரசல் சத்தம் என்னைக் கல்முனை வீட்டுக்குக் கொண்டுபோகிறது.

குசினிச் சுவரில் எங்களில் மூத்தவளான ராத்தா அடுப்புக்கரியால் ஒரு பலகைத் தட்டு வரைந்திருந்தாள். கீழே நிழலும் போட்டதில், அது சுவரைவிட்டு நீட்டிக்கொண்டு நின்றது. வயலால் வந்த வாப்பா, தேத்தண்ணி குடித்த கோப்பையை அதன்மேல் வைத்தார். கோப்பை நிலத்தில் சிதறியது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வாப்பாவும் சிரித்தார்.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கியபடி, “ஒரு கண் தெரியாமப் போயிட்டு, என்ன? எத்தின நாளா என்னிட்ட மறைச்சீங்க?” என்றா.

வாப்பா சுவரில் இருந்த தட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“வாப்பா, பெட்டி நிசம் போல இருக்கா?” மகள் என்னிடம் கேட்கிறாள்.

என் கண்ணை நம்பாமல், தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் “ஓம்” என்கிறேன். அவள் சிரிக்கிறாள்.