பூனை ரிப்போர்ட்டில் ஒரு கூடுதல் வரி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'நோண்டி' என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூடிக் கிடக்கும் எதையும் திறந்து பார்க்காமல் விட்டதில்லை என்பது அவளுக்கே தெரியும். புது மிக்ஸி வாங்கினால் அதில் எதையும் அரைப்பதற்கு முன்பே அடியில் உள்ள ஸ்குருவைக் கழற்றிவிடுவாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர், வீட்டுக்குள் நுழையும்போதே சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "ஒண்ணும் இல்ல, வெறும் பஸ் டிக்கெட்" என்று முந்திக்கொள்வார்.

செல்லப் பிராணிகளுக்கான ஆஸ்பத்திரிகளுக்குப் புரோகிராம் எழுதித் தரும் சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. கீழ்த்தளத்தில் பல் டாக்டர். அங்கே டிரில் ஓடினால் மாடியில் இருப்பவர்களுக்கும் பல் கூசும்.

அந்தப் புரோகிராமில் நாயோ பூனையோ ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட், விவரங்களை அடைத்து வைத்த சின்ன வீடு மாதிரி. அதற்குள் பெயர், எடை, தடுப்பூசி, மருந்து என்று தனித்தனி அறைகள். டாக்டர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இன்று கிளிக்கு இறக்கை நீளம் வேண்டும் என்பார்கள், நாளை முயலுக்குப் பல் நீளம் வேண்டும் என்பார்கள். அறையைச் சேர்த்தவர், பிராணியைக் கூட்டி வருபவரிடம் கொடுக்கும் ரிப்போர்ட்டை அச்சடிக்கும் பகுதியிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை யாராவது மறந்துவிடுவார்கள், டாக்டர் போனில் கத்துவார். இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் நோண்டி, புரோகிராம் தன்னைத்தானே துழாவிப் பார்க்கும் வித்தையான ரிஃப்ளெக்‌ஷனைக் கையில் எடுத்தாள். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதிரில் வரும் ஆப்ஜெக்ட்டைப் பார்த்து, "உன்கிட்ட என்னென்ன இருக்கு?" என்று கேட்கும். இருப்பதையெல்லாம் அச்சடித்துவிடும். இனி யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தலைவலிகளும் கூடவே வந்தன. முதலில் ரிப்போர்ட் நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒவ்வொரு நாயிடமும் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது புரோகிராம். நாய்களுக்கெல்லாம் அறைகள் ஒன்றுதானே? ஒரு தடவை கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள் என்று அவள் சொல்லிக் கொடுத்ததும் ஓடத் தொடங்கியது. பிறகு பக்கத்து சீட்காரர், புரோகிராமுக்குள் ஒரு வேலையைச் செய்யும் ஃபங்ஷன் ஒன்றின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையை நல்ல மனசோடு திருத்தினார். நோண்டி எழுதிய பகுதியோ அதைப் பழைய பெயரைச் சொல்லித்தான் தேடும். எழுதியதில் தப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கம்பைலர் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில், "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று புரோகிராம் கையை விரித்தது. அதற்கும் அவள் வழி செய்தாள். புரோகிராம் கண் விழித்ததுமே எல்லாப் பெயர்களையும் கூப்பிட்டுப் பார்க்கும், ஒன்று குறைந்தாலும் அப்போதே கத்தும். ஒவ்வொன்றையும் தீர்க்கத் தீர்க்க அவள் நடையே மாறிப்போனது.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம். சில அறைகளின் மேல் 'பிரைவேட்' என்று எழுதியிருக்கும், வெளியாட்கள் தொடக் கூடாது. ரிஃப்ளெக்‌ஷனில் அந்தப் பூட்டைத் திறக்கவும் ஒரு வரி உண்டு. நோண்டி அதைக் கண் இமைக்காமல் எழுதியிருந்தாள்.

"பிரைவேட்டையும் திறந்துடுமா?" என்று மேனேஜர் கேட்டபோது, "உள்ள இருக்கறதைப் பார்த்தா என்ன சார் குறைஞ்சு போயிடும்?" என்றாள்.

என்ன குறையும் என்பது ஒரு சனிக்கிழமை மத்தியானம் தெரிந்தது. கணவரின் அக்கா, ஒரு கையில் பூனைக் கூடையும் மறு கையில் ரிப்போர்ட்டுமாக அவள் வீட்டுக்கு வந்து நின்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் பேசிப் பேசி ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில் தனியாக இருந்தார். வாரம் தவறாமல் பூனையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

"கடைசி வரியைப் படி" என்று காகிதத்தை நீட்டினார்.

நோண்டி படித்தாள். 'பூனை நன்றாக இருக்கிறது. கூட்டி வருபவருக்குத்தான் பேச ஆள் தேவை. அவசரப்படுத்த வேண்டாம்.'

டாக்டர்கள் தங்களுக்கென்று குறிப்பு எழுத ஓர் அறை கேட்டிருந்தார்கள். போன வாரம்தான் பக்கத்து சீட்காரர் அதைச் சேர்த்து, பொறுப்பாகப் பிரைவேட் என்றும் போட்டிருந்தார். நோண்டியின் புரோகிராம் வழக்கம்போல அதைத் திறந்து அச்சடித்துவிட்டது.

"இது டாக்டர் எழுதினது அண்ணி."

"எழுதினது அவரு. என் கையில குடுத்தது யாரு?"

கணவர் ஓசைப்படாமல் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"நான் என்ன அவ்வளவா பேசறேன்?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் பதிலுக்குக் காத்திருந்தார். நோண்டி காகிதத்தின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கூடைக்குள்ளிருந்த பூனைகூட வேறு பக்கம் பார்த்தது.

"பேசணும்னா இங்க வந்திருக்கலாமே அண்ணி."

"இங்க வந்தா நீ எதையாவது கழட்டிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பே. 'ம், ம்'னு தலையை ஆட்டுவே. நான் என்ன சொன்னேன்னு ஒரு நாளாவது திருப்பிச் சொல்லியிருக்கியா? அந்த மனுஷன் பூனையைத் தடவிக்கிட்டாவது காது குடுக்கறாரு."

சுருக்கென்று தைத்ததைக் காட்டிக்கொள்ளாமல் நோண்டி காபி போடப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒளிந்திருந்தவரை நகரச் சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "எல்லாத்தையும் காட்டிடும்ங்கறதுதானேம்மா உங்க பெருமையே?"

"அந்தப் பெருமையைத்தான் சார் இப்பத் திருத்தப் போறேன்."

பூட்டைத் திறக்கும் வரியை முதலில் எடுத்தாள். பிறகு ஒவ்வொரு அறைக்கும் 'காட்டலாம்', 'காட்டாதே' என்று இரண்டில் ஓர் அடையாளம் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்தாள். புரோகிராம் 'காட்டலாம்' என்று இருப்பதை மட்டும் அச்சடிக்கும். அடையாளமே போடாமல் யாராவது மறந்துவிட்டால் முறைத்துக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. மறதிக்கும் மருந்து ஆயிற்று, மானத்துக்கும் பங்கமில்லை. ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அவளே போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள்.

டாக்டர்தான் பாவம், நாத்தனாரை எப்படி எதிர்கொள்வது என்று தவித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சிரமத்தை வைக்காமல் நாத்தனாரே கிளம்பிப் போனார், சண்டை போட. போன இடத்தில், அடிபட்ட நாயை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தார். வந்த வேலையை விட்டுவிட்டு நாத்தனார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். டாக்டர் நாய்க்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் அந்த மனிதரின் கை நடுக்கம் நின்றிருந்தது.

"நீங்க தினமும் மத்தியானம் வர முடியுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"பூனையோடவா, பூனை இல்லாமலா?"

இப்போது அந்த ஆஸ்பத்திரியின் முன் மேசை நாத்தனாருடையது. கம்ப்யூட்டரும் அவர் கையில்தான். நோண்டியின் போன் ஓய்வதில்லை.

"இந்த சேவ் பட்டன் ஏன் இவ்வளவு மூலையில இருக்கு? கை எட்டலம்மா."

"பெருசாக்கிடறேன் அண்ணி. அப்புறம் நேத்து அந்த முயல்காரம்மா வந்தாங்களே, அழுதாங்கன்னீங்களே, என்ன ஆச்சு?"

"அட, ஞாபகம் வச்சிருக்கியே!" என்ற நாத்தனார் முயல்காரம்மாவின் கதையை முதலிலிருந்து தொடங்கினார். நோண்டி நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.