நீலக்கோழிக்கு நாலரை அடிக் குழல்

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்பது மட்டும்தான். அப்படிப்பட்ட நான் போன தை மாதம் முழுக்க, நீர்ப்பறவைக்கு எத்தனை அடிக் குழல் பொருத்தம் என்று யோசித்து உடம்பு இளைத்துப்போனேன். இளைத்ததாக நான்தான் சொல்லிக்கொண்டேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் என் வாயால் வந்தது. எங்கள் சபையில் ஈஸ்டர் கழிந்த மறுவாரம் அசனம். ஊரே பந்தியில் உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுகிற நாள். அரிசியை இந்த வருடம் எந்தக் கடையில் எடுப்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தபின் ஏதாவது சொல்ல வேண்டுமே. "அரிசி நம்ம வயல்லேருந்து வரும்" என்றேன். போதகர் கையோடு ஒரு ஸ்தோத்திரம் சொல்லி அதை முடித்துவைத்துவிட்டார். பெண்கள் பக்கமிருந்து என் மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஏனென்றால் வயல் அவளுடையது. சுசீந்திரம் போகிற வழியில், பெரிய குளத்தை ஒட்டி, தாய்வீட்டில் கொடுத்தது. அதுவரை ஒருவர் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து நட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முட்டுவலி வந்து வயலைத் திருப்பிக் கொடுத்த வருடம்தான் இது. நானோ பள்ளிக்கூட அலுவலகத்தில் ஃபைல் கட்டுகிறவன். நெல் தண்ணீரில் நிற்கும் பயிர், ஆகவே தண்ணீர் அதிகமாக இருந்தால் நெல்லும் அதிகமாக இருக்கும் என்பது என் விவசாய ஞானம். வரப்பை மண் வெட்டி உயர்த்தி, தண்ணீர் வடிகிற வாயையும் சேறு வைத்து அடைத்தேன். பக்கத்து வயல்காரர் போகிற போக்கில், "வெள்ளம் கொஞ்சம் கூடுதலாட்டு கெடக்கே" என்றார். எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். கண் வைக்கிறார் என்று நினைத்து அன்றைக்கே வரப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினேன்.

கதிர் எட்டிப் பார்த்த வாரத்தில் நீலக்கோழிகள் வந்தன. பெரிய கோழி அளவு, நீல உடம்பு, சிவந்த அலகு, நெற்றியில் சிவப்புத் தகடு. நெல் தட்டையை ஒரு காலால் பிடித்து, கரும்பு கடிப்பதுபோல நிதானமாகக் கடித்துத் துப்பும். முப்பது வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண நெஞ்சு ஒத்துழைக்கவில்லை. முப்பது பறவைகள் அசனத்துக்கு முன்பே பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

"வெப்ராளப்படாம, பதறாம நில்லுங்க. கோழிதானே" என்றாள் மனைவி.

"கோழிதான். ஆனா ஊருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எந்திரிச்சுச் சொன்ன வாயாலயே சொல்லுங்க."

சுடுவது சட்டப்படி குற்றம். எனக்கு மனசும் வராது. தைரியமும் கிடையாது. இந்த மூன்றில் எது முதல் காரணம் என்று யாரும் கேட்க வேண்டாம். சத்தம் மட்டும் போடுகிற பைப் துப்பாக்கி ஒன்று உண்டு என்று மார்த்தாண்டத்திலிருந்து மச்சினன் போனில் சொன்னான். பிளாஸ்டிக் பைப்பில், மாங்காய் பழுக்க வைக்கிற கார்பைடு கல் ஒன்றைப் போட்டு, தண்ணீர் விட்டால் வாயு கிளம்பும், லைட்டரைத் தட்டினால் டமார் என்று கேட்கும். அவ்வளவுதான். குண்டு கிடையாது. அவன் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்தவன். மறுநாளே வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் அளவு நாடாவை விரித்தான்.

"அத்தான், வேட்டைத் துப்பாக்கிக்கு ஒரு கணக்கு உண்டு. காடைன்னா இருபத்தாறு இஞ்சுக் குழல். தாரா, வாத்துன்னா முப்பது. வெள்ளத்துல நிக்கிய பறவைக்குக் குழல் நீளமாத்தான் இருக்கணும். பறக்கும்போ குறி ஆடாது பாத்துக்கிடுங்க."

"நாம சுடலையே. சத்தந்தானே போடப்போறோம்."

"சத்தம்னாலும் பறவை அதே பறவைதானே?"

நான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள். "ஏலே, நீ பட்டாளத்துல கம்பளி எண்ணிக்கிட்டுதானே கெடந்த?"

"கம்பளி ஸ்டோருக்கு அடுத்த ரூம்தான் அக்கா துப்பாக்கி ஸ்டோர்."

இரண்டரை அடிக் குழலில் முதல் சோதனை. டமார் என்றது. காகங்கள் எழுந்தன, இரண்டு நாய்கள் ஓடின, பக்கத்து வயல்காரரின் பசு கயிற்றை அறுத்தது. நான் வரப்பில் குப்புறப் படுத்திருந்தேன். நீலக்கோழிகள் தலையை நிமிர்த்தின, வாலை இரண்டு முறை சொடுக்கின, மறுபடி கடிக்க ஆரம்பித்தன.

"நீளம் போதாது" என்றான் மச்சினன்.

மார்த்தாண்டத்தில் தெரிந்த பைப் கடைக்கு என்னைக் கூட்டிப்போனான். கடைக்காரர், "எத்தற இஞ்சு?" என்றார்.

"நீலக்கோழிக்கு" என்றேன்.

"கோழிக்கூட்டுக்கு வெள்ளம் விட முக்கா இஞ்சு போரும்."

"இது பறக்கிற கோழி."

"அப்போ டேங்கை உயரத்துல வச்சிருங்க."

ஆறடிக் குழல் வாங்கினோம். மச்சினன் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் குழலைக் குறுக்கே பிடித்து உட்கார்ந்தேன். ஜங்ஷனில் வண்டி திரும்பியது, குழல் திரும்பவில்லை. நின்றிருந்த பஸ்ஸின் ஜன்னலுக்குள் ஒரு முழம் போய்விட்டது. உள்ளே இருந்த அம்மா பதறவே இல்லை. "இதை என்னத்துக்கு என் மடியில வைக்கிய?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்த மீன் பொதியை மட்டும் நகர்த்தி வைத்தார். பஸ் புறப்படப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. குழலோடு நானும் களியக்காவிளை போய்ச் சேர்ந்து கேரளாவுக்குள் நுழைந்துவிடுவேன் என்றே நினைத்தேன். மச்சினன் இறங்கி உருவி எடுத்தான். ஓரமாக ஒரு பட்டறையில் ரம்பம் கேட்டு, ஸ்கூட்டரில் சாய்த்து வைத்தால் யார் மேலும் இடிக்காத அளவுக்கு அறுத்தோம். நாலரை அடி. "இதுதான் நீர்ப்பறவைக்கு உத்தமமான அளவு" என்றான் அவன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வீட்டு கேட்டுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயிண்டைக் குழலுக்குப் பூசினோம். நாலரை அடியைக் கையில் பிடித்தால் முன்பாரம் சேற்றில் குத்தியது. அதனால் சபையில் சும்மா நின்ற மைக் ஸ்டாண்டு ஒன்றை, கேட்காமல் கேட்டு, கொண்டுவந்தோம். சனிக்கிழமை காலையில் வரப்பில் ஸ்டாண்டை நிறுத்தி, அதன்மேல் குழலைக் கட்டி, கல்லையும் தண்ணீரையும் போட்டாயிற்று. மச்சினன் லைட்டரைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்ட நேரம், வரப்பில் ஐந்து பேர் வந்தார்கள். பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர்.

வனத்துறை என்று என் வயிறு முடிவு செய்துவிட்டது. திரும்பினேன். மச்சினன் இல்லை. வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதருக்குள் அவனுடைய ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. பட்டாளம் பின்வாங்கிவிட்டது.

முன்னால் வந்த அம்மாள், நரைத்த முடி, கையில் நோட்டு, குழலை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன?"

"தொலைநோக்கி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பயம் வந்தால் என் நாக்கு என்னைக் கேட்பதில்லை. அது அரிசி விஷயத்திலேயே ஊருக்குத் தெரிந்ததுதான். "பறவை பாக்க. வீட்டுல செஞ்சது."

அந்த ஐவரின் முகமும் மலர்ந்தது. கூட்டத்தில் ஒருவர் முழங்கை நீளத்தில் கேமரா லென்ஸ் தொங்கவிட்டிருந்தார். அவர் ஓடிவந்து, "என்னோடது அறுநூறு மில்லிமீட்டர். உங்களது எவ்வளவு?" என்றார்.

"நாலரை அடி."

அவருக்குப் பொறாமையில் முகம் சுருங்கியது. "ஒரு நிமிஷம் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே குழலின் வாயில் கண்ணை வைக்கக் குனிந்தார்.

உள்ளே கல் நனைந்து புகைந்துகொண்டிருந்தது. லைட்டர் தாழம்புதருக்குள். தானாக வெடிக்குமா, வெடிக்காதா, எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் ஜெயில், சொல்லாவிட்டால் அந்த மனிதரின் கண். அந்த நேரம் எனக்கு வாய் மட்டும் வேலை செய்யவில்லை. ஆகவே குழலை அப்படியே கட்டிப்பிடித்து, மைக் ஸ்டாண்டோடு சேர்த்து, வயலுக்குள் விழுந்தேன்.

தண்ணீர் முழங்காலளவு இருந்தது. குழல் உள்ளே போய், புளுக் புளுக் என்று ஒரு எருமை குமிழி விடுவதுபோல விட்டது. அதோடு அதன் ஆயுசு முடிந்தது. ஆனால் முப்பது நீலக்கோழிகளும் ஒன்றாக எழுந்து குளத்தைப் பார்த்துப் பறந்தன. அத்தனை பெரிய டமாருக்கும் அசையாதவை, எண்பத்தைந்து கிலோ எழுத்தர் ஒருவர் விழுந்ததற்குப் பறந்துவிட்டன.

"எண்ணி முடிக்கல்லியே" என்று அந்த அம்மாள் நோட்டைப் பார்த்து வருத்தப்பட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். லென்ஸ்காரர் வங்கியில் வேலை. குளங்களில் பறவை எண்ண வந்த கூட்டம். நான் சேற்றில் உட்கார்ந்தபடியே அசனம், அரிசி, குழல், கண் எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் சொன்னேன். லென்ஸ்காரர் தன் வலது கண்ணை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டீச்சர் வரப்பின் இரண்டு பக்கமும் கை காட்டினார். "அந்தால குளம். இந்தால என்னது?"

"வயல்."

"முட்டளவு வெள்ளம் கெடக்கே. எனக்கே வயல்னு தோணல்ல, பறவைக்கு எப்பிடித் தோணும்? சுத்தி இருக்க எல்லா வயலும் வடிச்சாச்சு பாருங்க. வெள்ளம் வடியிய வாயைத் திறந்து விடுங்க. அதுவளுக்கு ஒளிஞ்சு நிக்க வெள்ளம் இல்லேன்னா குளத்துலயே நின்னுக்கிடும்."

மூன்று மாதமாக நானே குளம் வெட்டி, நானே விருந்து வைத்து, வந்த விருந்தாளிகளை விரட்டக் குழல் அளந்திருக்கிறேன். பக்கத்து வயல்காரர் அப்போது பசுவுக்குப் புதுக்கயிறு மாட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

தண்ணீர் வடியும் வாய் நான் வைத்த சேற்றில் கல்லாக இறுகிப் போயிருந்தது. மச்சினன் புதரிலிருந்து ஒன்றும் நடக்காதவன்போல வந்து, "கண்காணிப்புக்குப் போயிருந்தேன் அத்தான்" என்றான். சாயந்தரம் மனைவி மண்வெட்டியோடு வந்து வரப்பைத் துளைத்து, அந்தப் பச்சைக் குழலையே உள்ளே சொருகினாள். நான் உயர்த்தி உயர்த்தி அகலமாக்கிய வரப்புக்கு இந்தப் பக்கம் அரைச் சாண், அந்தப் பக்கம் அரைச் சாண் மட்டும் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் குழல் வழியாகக் கொட்டியது.

"நான் சொன்னேன்லா, வெள்ளத்துக்கு நாலரை அடிதான் அளவு" என்றான் மச்சினன். அவள் மண்வெட்டியை ஓங்கினாள். அவன் மறுபடி கண்காணிப்புக்குப் போனான்.

நாலாம் நாள் வயலில் ஒரு நீலக்கோழிகூட இல்லை. குளத்தில் நின்று அதே நிதானத்தோடு வேறு எதையோ கடித்துக்கொண்டிருந்தன. அறுத்து, அவித்து, குத்திப் பார்த்தபோது அசனத்துக்கு வேண்டியதில் ஒரு மூட்டை குறைந்தது. அந்த ஒரு மூட்டையைப் பக்கத்து வயல்காரர் கொண்டுவந்து இறக்கினார். "வெள்ளம் கூடுதலாட்டு கெடக்குன்னு சொன்னப்போ கேட்டிருந்தா இது எனக்கு மிச்சம்" என்று மட்டும் சொன்னார்.

அசனத்தன்று போதகர் அரிசி கொடுத்த குடும்பத்துக்காக ஜெபிக்க மைக் முன்னால் வந்தார். கழுவித் துடைத்து, யாருக்கும் தெரியாமல் திரும்ப வைத்த ஸ்டாண்டுதான் அது. அவர் "கர்த்தாவே" என்றதும் மைக் மெதுவாகத் தலை குனிந்தது. நிமிர்த்தினார். மறுபடி குனிந்தது. அடியிலிருந்து கொஞ்சம் காய்ந்த சேறும் ஒரு நெல்மணியும் அவர் காலடியில் உதிர்ந்தன. பெண்கள் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எழுந்து நின்று எதையும் சொல்லிவிடாமல் பந்தியில் உட்கார்ந்திருந்தேன்.