ஒரே தட்டில் காணாமல் போன ஐம்பது சொந்தக்காரர்கள்

1997 என்று நினைக்கிறேன். தை மாதக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடிக்கும் நேரம். பாளையங்கோட்டையில் ஒரு டி.டி.பி. சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. கம்ப்யூட்டரும் டி.வி. வைத்த டைப்ரைட்டர்தானே என்று நினைத்திருந்தேன்.

அன்று ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்யாணப் பெண்ணின் அப்பாவும் தாய்மாமன்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். யார் பெயர் முதலில் வருவது என்று மாமன்களுக்குள் என் முதுகுக்குப் பின்னாலேயே முட்டிக்கொண்டது. மூத்தவர் சொல்ல, இளையவர் மாற்ற, காலை முழுக்க இதே பாடு. ஒருவழியாகச் சமாதானமாகி, "இதுல ஒத்த எழுத்து மாறப்படாது" என்று சொல்லிவிட்டு இருவரும் காபி குடிக்கப் போனார்கள். பெயர் வரிசை காகிதத்தில் இல்லை, திரையில் மட்டும்தான் இருந்தது. நான் சேவ் செய்யவும் இல்லை.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று மொத்தத்தையும் தேர்வு செய்தேன். கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டது. டைப்ரைட்டரில் அது எதையும் அழிக்காது. இங்கே, தேர்வு செய்து வைத்திருந்த ஐம்பது சொந்தக்காரர்களும் ஒரே தட்டில் காணாமல் போனார்கள்.

"ஏம்மா, எழுத்தெல்லாம் எங்கன போச்சு?" என்றார் பெண்ணின் அப்பா.

மாமன்கள் திரும்பி வந்தால் சண்டை முதலிலிருந்து தொடங்கும், என் வேலையும் போகும். அணைத்துப் போட்டால் வந்துவிடும் என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"கைய எடுங்க! ஒண்ணையும் தொட்டுராதிய!"

ஃபிளாப்பியோடு பிரிண்ட் எடுக்கக் காத்திருந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். எட்டி வந்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இசட்டைத் தட்டினாள். மாமன்கள் உட்பட எல்லாரும் வரிசை மாறாமல் திரையில் வந்து நின்றார்கள்.

"எங்கயும் போகல அண்ணாச்சி. எழுத்தைப் பெருசு பண்ணிப் பாக்குதாவ" என்று அவரிடம் சொன்னாள். அவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு என் காதோரம், "கடைசியாச் செஞ்ச ஒண்ணைத்தான் இது திருப்பும். நடுவுல வேற எதைத் தட்டியிருந்தாலும் அவ்வளவுதான். நான் அப்படி முப்பது பக்கத்தைத் தொலைச்சிட்டு அழுதிருக்கேன். முதல்ல சேவ் பண்ணுங்க" என்றாள். உடனே சேவ் செய்தேன். அவள் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இப்படி எத்தனையோ கீபோர்டு குறுக்கு வழிகளைக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் அவள் அந்தப் பத்திரிகையை மீட்டுத் தந்ததைவிட, பெண்ணின் அப்பா முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டதைத்தான் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.