லவீனா ஓடிப்போகவில்லை

ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், குழாயடியில் தண்ணீருக்கு நின்ற அத்தனை பேருக்கும் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டா போவாள்? மதலேனாளுக்கு வாய் இருக்கிறது, கதைக்கிறாள். பக்கத்து வீட்டில் இருந்தால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. "பேய் பிடிச்ச பெட்டை, ஆரோ ஒருத்தனோடை ஓடிப்போட்டாள்" என்று குருநகர் முழுக்கச் சொல்லித் திரிகிறாளே, லவீனா வருத்தம் வந்து விழுந்தபோது ஒரு தரமாவது கிட்ட நின்றவளா? விலகி ஓடினவள். பேயும் இல்லை, ஒருத்தனும் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டுப் பிறகு கதைக்கட்டும்.

லவீனா வின்சன்ற்றின் ஒரே பிள்ளை. வின்சன்ற் கடலுக்குப் போகிறவர். வீட்டில் தாய் லூர்த்தம்மா வைத்ததுதான் சட்டம். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலே லவீனாவுக்கு முதல் வலிப்பு வந்தது. கை கால் இழுத்து, கண் மேலே செருகி, நுரை தள்ளி விழுந்தாள். ஆசுப்பத்திரியில் தினமும் விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். அது பிடித்துக்கொண்டது, வலிப்பு குறைந்து குறைந்து, வருடத்தில் ஒன்று வந்தாலே பெரிது என்றாகிவிட்டது. ஆனால் லூர்த்தம்மா அந்தக் குளிசையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். யாரும் கேட்டால், "அவளுக்கு இரத்தம் காணாது, மயக்கம்" என்பாள். வலிப்பு என்று தெரிந்தால் யார் வந்து பெண் கேட்பார்கள்? அந்தப் பயம் ஒரு தாய்க்கு வரும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

பிழை நடந்தது தவக்காலத்தில்தான். மிச்சமிருக்கிற வருத்தமும் அடியோடு போகவேண்டும் என்று லவீனா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். தவக்காலம் முழுவதும் பின்னேரம் வரைக்கும் பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். காலைக் குளிசை வெறும் வயிற்றில் விழுந்தது. பட்டினியில் தலையிடித்தது, அதற்குக் கடையில் தலையிடிக் குளிசை வாங்கி, அதையும் வெறும் வயிற்றிலேயே போட்டாள். கொஞ்ச நாளில் நெஞ்சுக்குக் கீழே நெருப்பை வைத்த மாதிரி எரிந்தது.

"உந்த வலிப்புக் குளிசைதான் உன்ரை குடலைத் தின்னுது," என்றாள் லூர்த்தம்மா. "நோன்பு இருக்கிறாய், அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார். நிப்பாட்டு."

"நிப்பாட்டக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர், அம்மா."

"டொக்டரோ உன்னைப் பெத்தது?"

அதற்குப் பிறகு யார் கதைப்பது? வலிப்புக் குளிசை நின்றது. அந்த இடத்துக்கு நெல்லிச்சாறு வந்தது. தலையிடிக் குளிசை மட்டும் நிற்கவில்லை. அதை யாரும் மருந்தென்றே நினைக்கவில்லை. எல்லா வீட்டிலும் கிடக்கிற சாமான்தானே.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில், சனத்தின் நடுவில், லவீனா விழுந்தாள். ஒரு வலிப்பு விட, அடுத்தது பிடித்தது. சனம் விலகியது. மதலேனாள் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓட்டோ ஓடுகிற றோய்தான் பயப்படாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். ஆசுப்பத்திரியில் அவள் வாந்தி எடுத்தாள். கோப்பித்தூள் கரைத்த மாதிரி இருந்தது. வயிற்றுக்குள் புண் வந்து இரத்தம் கசிந்திருக்கிறது.

டொக்டர் ஒரு இளம் பெண். லூர்த்தம்மாவை ஏசவில்லை.

"அம்மா, வயித்தைப் புண்ணாக்கினது தலையிடிக் குளிசைதான். பட்டினியும் சேர்ந்து எரிவைக் கூட்டிப்போட்டுது. மூளைக்குள்ளை கரண்ட் தாறுமாறாய் ஓடுறதுதான் வலிப்பு. அதை அடக்கி வைச்சிருந்த குளிசையை நீங்கள் சட்டெண்டு நிப்பாட்டிப்போட்டியள்."

"நெல்லிச்சாறு குடுத்தனான், பிள்ளை. நல்லதெண்டுதானே எல்லாரும் சொல்லினம்?"

"நல்லதுதான். இரும்பு கறள் பிடிக்கிற மாதிரி எங்கடை உடம்புக்குள்ளையும் ஒரு பழுது நடக்கும். அதைத் தணிக்கிற சத்து நெல்லியிலையும் இருக்கு, முருங்கையிலையிலையும் இருக்கு. அன்ரிஒக்சிடன்ற் எண்டு சொல்லுறது. வயித்துப்புண்ணுக்கும் வலிப்புக்கும் அது உதவுமோ எண்டு எலிகளிலை பாத்திருக்கினம். சிலதிலை உதவியும் இருக்கு."

"என்ரை பிள்ளை எலியோ?"

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் சிரித்துவிட்டாள். டொக்டருக்கும் சிரிப்பு வந்தது.

"அதைத்தான் நானும் சொல்லுறன். எலிக்குக் கேட்டது மனிசருக்கும் கேக்குமெண்டு இன்னும் நிச்சயமில்லை. சாப்பாடாக் குடுங்கோ, குளிசைக்குப் பதிலாக் குடுக்காதேங்கோ. புண் ஆறுமட்டும் புளிப்பும் வேண்டாம்."

வலிப்புக் குளிசை திரும்பத் தொடங்கியது, வயிற்றில் சுரக்கிற அமிலத்தைக் குறைக்கிற குளிசையும் சேர்ந்தது. தலையிடிக் குளிசை வீட்டை விட்டுப் போனது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நித்திரை. புண் ஆறியது. வலிப்பும் திரும்பி வரவில்லை.

லூர்த்தம்மாவின் பயம் மட்டும் ஆறவில்லை. பெரிய வெள்ளியோடு ஊருக்கே தெரிந்துபோயிற்றே. லவீனா வாசல் தாண்டக்கூடாது என்றாள். குழாயடிக்கும் இல்லை, கடைக்கும் இல்லை. கோயிலுக்குக்கூட விடியற் பூசைக்கு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு. யன்னலால் தெருவைப் பார்ப்பதே அந்தப் பிள்ளைக்கு வேலையாகிவிட்டது. கல்யாண வயது வந்த ஒருத்தியை உயிரோடு அலுமாரிக்குள் பூட்டி வைத்த மாதிரி.

மிஞ்சியது ஆசுப்பத்திரிக் கிளினிக் ஒன்றுதான். லூர்த்தம்மா மருந்து வரிசையில் நிற்கிற நேரங்களில், வாங்கில் உட்கார்ந்திருக்கிற லவீனாவுக்குப் பக்கத்தில் நீர்வேலிக் குணலட்சுமி இருப்பாள். அவளுடைய தங்கைக்கும் இதே வருத்தம். குணலட்சுமி ஊர்ப் பெண்களோடு சேர்ந்து வாழைப்பழம் வெட்டி, காயவைத்து, பைகளில் அடைத்து விற்கிறவள். "அடைக்கிறதுக்கு ஆள் காணாது. வாறியே? பஸ்ஸிலை அலையத் தேவையில்லை, எங்கடை வீட்டிலையே நிக்கலாம்," என்றாள்.

தகப்பனிடம் கேட்டபோது, "கொம்மாவைச் சமாளி," என்றுவிட்டு அவர் வலையைத் தூக்கினார்.

புறப்படுகிற அன்று காலையில் லவீனா உடுப்புப் பையோடு வந்தாள். லூர்த்தம்மா வாசலுக்குக் குறுக்கே நின்றாள்.

"அங்கை விழுந்தால் ஆர் பாக்கிறது?"

"அங்கை இருக்கிற ஆக்கள்தான். விழுந்தால் ஒருக்களிச்சுக் கிடத்தவேணும், வாய்க்குள்ளை ஒண்டும் வைக்கக் கூடாதெண்டு சொல்லிக் குடுத்திட்டன். அடுப்படி வேலை வேண்டாமெண்டும் சொன்னனான்."

"அப்ப வலிப்பெண்டு சொல்லிப்போட்டியோ?"

"ஓம்."

"எல்லாருக்குமோ?"

"ஓம், அம்மா."

"ஐயோ, மயக்கமெண்டு சொல்லியிருக்கலாமே, பிள்ளை!"

"மயக்கமெண்டு சொன்னால் மயக்கத்துக்குத்தானே பாப்பினம்."

லூர்த்தம்மா ஒரு பக்கக் கதவு நிலையைப் பிடித்தபடி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திரும்பியதில் தோளுக்கும் மற்றப் பக்க நிலைக்கும் நடுவே ஒரு ஆள் போகிற இடம் வந்தது. லவீனா பையை முன்னுக்குப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தால் வெளியே போனாள்.