பேட்டரிக்கு வைத்த பொட்டு

அண்ணன் தன் காரின் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரி போட்டபோது, எங்கள் குடும்பத்தில் கொஞ்ச நாள் வேறு பேச்சே இல்லை. பொங்கோலில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போன் போட்டு, பிடோக்கில் என் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவிடம் அதன் அருமை பெருமைகளை அளப்பான். பழையது ஈயமும் அமிலமும் நிறைந்த கனத்த பெட்டி, தூக்கினால் இடுப்பு போய்விடும். புதியதை ஒரே கையில் தூக்கலாமாம்.

"இது ஸ்மார்ட் லா, அம்மா. சார்ஜ் குறைஞ்சா தானே ஆஃப் ஆயிடும். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ற அளவுக்கு மட்டும் மிச்சம் வச்சுக்கும். மேல ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா போதும்."

"என் புள்ளைக்கு எவ்வளவு மூளை பாரு" என்றாள் அம்மா என்னிடம். நான் அவளைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கவாதம் வந்த பிறகு அம்மா ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தேக்காவில் அம்மன் கோயிலுக்கு ஒரு தடவை போய், வாசலில் இருந்தபடியாவது கும்பிட்டுவிட்டு வர வேண்டும். விஜயதசமியன்று காலையில் காரில் கூட்டிப்போகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தான்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூசை. காரைக் கழுவி மாலை போட்டு, எஞ்சினை அணைத்தபடியே காருக்குள் பக்திப் பாட்டை மணிக்கணக்கில் ஓடவிட்டிருக்கிறான். பூசை போட்ட வண்டியை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பானெட்டைத் திறந்து புது பேட்டரிக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். அதைப் பார்த்து அம்மா, அசைகிற ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவளைக் குளிப்பாட்டிப் பட்டுச்சேலை கட்டிவிட்டேன். உட்கார்ந்த நிலையிலேயே ஒருவருக்குச் சேலை கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். பூ வைத்து, சக்கர நாற்காலியில் வாசலருகே உட்காரவைத்தேன். தாழ்வாரத்தில் போன பக்கத்து வீட்டு அம்மாளிடம், "மகன் கார் கொண்டாரான்" என்றாள் அம்மா, கேட்காமலே.

அண்ணன் போன் செய்தான். கார் கிளம்பவில்லை. பேட்டரி தன்னைத்தானே அணைத்துக்கொண்டுவிட்டது. "பட்டனைத் தேடுறேன், காணோம். கொஞ்சம் பொறுங்க."

"டாக்சி கூப்பிடுறேன்மா" என்றேன்.

"வேணாம். அவன்தான் வரேன்னு சொல்லியிருக்கான்ல."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டேன். அதே பதில். கோயில் நடை சாத்தும் நேரமும் ஆனது. "என்னைக் கட்டில்ல விட்டுடு" என்றாள். சேலையை அவிழ்க்க மட்டும் விடவில்லை.

சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வந்தான், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு. பட்டனுக்கு நேர் மேலேயே பொட்டை வைத்திருக்கிறான். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி அமுக்கியதும் கார் கிளம்பிவிட்டதாம். அம்மாவும் சிரித்தாள். "பேட்டரிக்குக்கூடப் பொட்டு வைப்பான் என் புள்ள, அவ்வளவு பக்தி."

கார் ஓடுகிறது என்று கேட்டதும் அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. "இன்னைக்கு டயர்டா இருக்கும்மா. அடுத்த வாரம் பார்ப்போம்" என்றான்.

அடுத்த வாரம் சாங்கி விமான நிலையத்தில் அவனுக்கு ஓவர்டைம். அதற்கடுத்த வாரம் மழை. அம்மா அதன் பிறகு கேட்கவே இல்லை. தேக்காவில் தீபாவளி விளக்குகளைக் கழற்றுவதற்குள் போய்ச்சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அண்ணன் பொட்டுக் கதையைச் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் காரின் உரிமக் காலம் முடிந்தது. பத்து வருடமானால் இந்த ஊரில் ஓடுகிற காரையும் உடைக்கக் கொடுத்துவிடுகிறார்கள். பேட்டரியை மட்டும் கழற்றி, ஒரே கையில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். சந்தனக் கறை இன்னும் இருந்தது.

"இன்னும் பல வருஷம் ஓடும், தூக்கிப்போட மனசு வரல. அடுத்த கார் எடுக்கிறவரைக்கும் இங்க இருக்கட்டும். அம்மா ரூம் சும்மாதானே கிடக்கு."

அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில், சுவரோரமாக வைத்தான்.

"பாரு, இதை அப்படியே விட்டுடக் கூடாது. அப்பப்ப சார்ஜ் பாக்கணும், இல்லன்னா செத்துரும். நீ கவலைப்படாதே. மாசா மாசம் நானே வந்து பாத்துக்கிறேன்."

சொன்னபடியே வருகிறான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.