ஈரக்கோணிக்குக் கீழே தை மாதம்

செல்வியக்கா, உன் வண்டியில் கிடந்த கோணி இப்போது நம் எர்ணாவூர் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. காய்ந்திருக்கும்போது அதற்கு வாசனையே இல்லை. தண்ணீர் தெளித்தால் முதலில் சணல் வாசனை வரும். அதற்குப் பின்னால், ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற மாதிரி, திராட்சை வாசனை வரும். நிஜமாகவே வருகிறதா, நானே நினைத்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டவள் நான். எழுதிப் பழக்கமில்லை. உன்னோடு பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் காற்றில் எப்போதும் ஏதாவது ஒன்று கலந்திருக்கும். காசிமேட்டிலிருந்து அடித்தால் மீன், எண்ணூரிலிருந்து அடித்தால் புகை. இந்த இரண்டு வாசனையையும் தாண்டி, ராயபுரத்து பஸ் ஸ்டாப்பில், நீ பன்னீர் திராட்சை வண்டி போட்டிருந்தாய். தை மாதத்தில் நீ வாயே திறக்க மாட்டாய். மதியம் கடல்காற்று திரும்புகிறவரை பேசாமல் உட்கார்ந்திருப்பாய். திரும்பியதும் ஈரக்கோணியின் ஒரு மூலையை மட்டும் மெல்லத் தூக்குவாய். ரோஜாவையும் வெல்லத்தையும் சேர்த்துக் கசக்கிய மாதிரி ஒரு வாசனை எழுந்து போகும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்புவார்கள். தூக்கத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்புவார்கள். கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிற நான் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சித்திரையில் மட்டும் காலையிலேயே கூவ ஆரம்பித்துவிடுவாய். ஏன் இப்படித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், "வாசன கூவலன்னா நாமதாண்டி கூவணும்" என்பாய்.

திராட்சை விளைகிற கம்பத்திலிருந்து வந்து கோயம்பேட்டில் சரக்கு இறக்குகிற லாரிக்காரர்தான் உனக்கு அந்த வாசனைக் கணக்கைச் சொன்னவர். "அங்கிட்டு ராத்திரி குளுந்தாத்தேன் தாயி தோலுல வாசம் நிக்கும். ராத்திரியும் புழுங்குச்சுன்னா சக்கரை ஏறும், வாசம் ஓடிப்போகும். மழை புடிச்சா ரெண்டுமே தண்ணி." அதிலிருந்து நீ பழத்தைத் தின்று பார்ப்பதை விட்டுவிட்டாய். தோலை மட்டும் உரித்து, இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கி, மூக்கில் வைத்துப் பார்ப்பாய்.

ஒரு கோடையில் வாடிக்கைக்கார ஆட்டோக்காரர் சண்டைக்கு வந்தார். "இன்னாக்கா, போன தபா வூடே மணந்துச்சி, இப்போ ஒண்ணியும் காணோம்?"

"இனிப்பு கீதா இல்லியா?"

"கீது."

"அப்பால இன்னா? வாசனைய வெயிலு துன்னுடுச்சி நைனா. தையில வா."

இல்லாததை இருக்கிறது என்று நீ சொன்னதே இல்லை. நான் சொன்னேன் அக்கா. அதுவும் உன்னிடமே.

போன சித்திரையில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். சோறு இறங்கவில்லை. உடம்பெல்லாம் மருந்து நாற்றம் என்று முகத்தைச் சுளித்தாய். "ஒரே ஒரு வாட்டி அந்த வாசனைய மோந்துட்டா போதும்டி" என்றாய். நான் கோயம்பேடு முழுக்க அலைந்தேன். கடை கடையாகத் தோலை நசுக்கிப் பார்த்தேன். தேனாக இனித்தது, ஒன்றிலும் வாசனை இல்லை. திரும்பும் வழியில் ஒரு பாட்டில் பன்னீர் வாங்கி, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, வாங்கிவந்த கொத்தின் மேல் தெளித்து, வாசனைப் பழம் கிடைத்துவிட்டது என்று உன்னிடம் நீட்டினேன்.

நீ கண்ணை மூடி மோந்தாய். நான் உன் முகத்தையே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாய்.

"அடிங் கய்தே. இத்த கண்ணாலத்துல தெளிப்பாங்க, இல்லாங்காட்டி சாவு வூட்ல தெளிப்பாங்க. நான் இன்னும் பூடலடி."

நான் அழுதேன். நீ ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டாய். பிறகு இன்னும் மூன்று. "இனிப்பு கீது. அது பொய்யில்ல" என்றாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தையில வரும். நான் இல்லன்னா எனக்கும் சேத்து மோந்துடு" என்றாய்.

வைகாசியில் போய்விட்டாய். உன் மேல் பன்னீர் தெளித்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தெருமுனை வரை ஓடிவிட்டேன். அதற்காக என்னைத் திட்டாதே.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு உன் வண்டியை எடுத்தேன். மார்கழி வந்தும் போர்வை தேவைப்படவில்லை. கம்பத்திலும் அப்படித்தானாம், ராத்திரியெல்லாம் புழுக்கம் என்றார் லாரிக்காரர். தை பிறந்தது. தினமும் தோலை நசுக்கினேன். ஒன்றுமில்லை. தை மாதத்தில் நான் கூவினேன் அக்கா. இந்த வருஷம் வராமலே போய்விட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று பயமாக இருந்தது.

மாதம் முடியப் போகும்போது இங்கேயும் கம்பத்திலும் குளிர் விழுந்தது. அடுத்த வாரம் வந்த சரக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கோணியை நனைத்துப் போட்டேன். காற்று திரும்பியது. மூலையைத் தூக்கினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மூக்கு அடைத்திருந்தது, அழுததில். ஆனால் நின்றிருந்த பஸ்ஸின் ஜன்னலில் ஒரு பெண் தலையைத் திருப்பினாள். பிறகு பக்கத்தில் நின்றவர். பிறகு இன்னொருவர்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஒரு கொத்தை மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு எடுத்துப் போனேன். உன் மண்மேல் உட்கார்ந்து தோலை நசுக்கினேன். அப்போது வந்தது. உனக்கும் சேர்த்து மோந்துவிட்டேன், அக்கா.

இன்று கோணியை மறுபடி நனைத்துப் போட்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் செல்வியக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் இருக்கிற இடத்தில் ராத்திரி குளிர்ந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்.